கருணை மனுவும் சட்ட மசோதாவும்: மத்திய சட்டசபையில் என். எம். ஜோஷியின் பணி

மத்தூர் வட்டாரத்துச் சபைகளில் ஊழியம் செய்வோருக்கு ஒரு காட்சி பழகிப்போனதாகும். கிழக்கு வெளுக்கும் முன்னரே சாலையோரங்களில் இளம்பெண்கள் சோற்றுப் பாத்திரமும் அடையாள அட்டையுமாகக் காத்து நிற்பர். ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கும், போச்சம்பள்ளி, பர்கூர் சிப்காட் வளாகங்களுக்கும் செல்லும் நிறுவனப் பேருந்துகள் அவர்களை ஏற்றிச் செல்லும். நம் சிறுவயதில் இவ்வூர்ப் பெண்கள் மாந்தோப்பிலும் மானாவாரி நிலத்திலும் கூலிக்குச் சென்றனர். 1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்ததிலிருந்து இந்த மாற்றம் மெதுவாகத் தொடங்கியது. கடந்த சில ஆண்டுகளில் அது விரைவு கொண்டுள்ளது. ஞாயிறு ஆராதனைக்கு வருவோரின் தொகைகூட அவ்வாரத்து ஷிப்ட் முறையைப் பொறுத்தே ஏறி இறங்குகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நம் சபையைச் சேர்ந்த ஓர் இளம்பெண் கண்கலங்க வந்து நின்றாள். ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தக்காரர் மூலமாக வேலை பார்த்து வந்தவள். ஏழாம் மாதம். அடுத்த மாதம் முதல் வரவேண்டாம் என்று ஒப்பந்தக்காரரின் ஆள் சொல்லிவிட்டாராம். நாம் சபையின் முகவரித் தாளில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தோம். ஏழைக் குடும்பம், கணவனுக்கு நிலையான வருமானமில்லை, ஆகவே நிர்வாகத்தார் மனமிரங்கி ஆவன செய்ய வேண்டுகிறோம் என்பது அதன் சாரம். பதில் வரவில்லை. ஓசூர் ஆலையொன்றில் தொழிற்சங்கப் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்ற நம் சபை மூப்பர் ஒருவர் அக்கடிதத்தின் நகலை வாசித்துவிட்டு, “ஐயா, சட்டப்படி அந்தப் பிள்ளைக்குச் சேரவேண்டியதை நீங்கள் பிச்சையாகக் கேட்டிருக்கிறீர்களே” என்றார்.

அச்சொல் நம்மைத் தைத்தது. இறையியல் கல்வியில் பட்டம் பெற்று, பல ஆண்டுகள் மாணவருக்குப் பாடம் சொன்ன பின்னும், சபையின் பெண்களுக்கு எவை கருணை, எவை உரிமை என்ற வேறுபாட்டை நாம் அறியாதிருந்தோம். பேறுகாலத்தில் ஊதியத்தோடு விடுப்பு என்பது எப்போது, எவர் முயற்சியால் இந்நாட்டுச் சட்ட நூலில் இடம்பெற்றது என்று தேடத் தொடங்கினோம். அத்தேடல் நம்மை நாராயண் மல்ஹார் ஜோஷி என்பவரிடம் கொண்டுபோய் நிறுத்தியது. குருமார் பலருக்கு இப்பெயர் புதிதாக இருக்கலாம். நமக்கும் புதிதாகவே இருந்தது.

ஜோஷி 1879ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் பம்பாய் மாகாணத்தின் கொலாபா மாவட்டத்தில் கோரேகாவ் என்னும் ஊரில் பிறந்தவர். பட்டம் பெற்றபின் சில ஆண்டுகள் பள்ளி ஆசிரியராக இருந்தார். 1909இல் கோகலே நிறுவிய இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். சொற்ப ஊதியத்தில் வாழ்நாள் முழுவதும் பொதுப்பணி என்பது அச்சங்கத்தின் ஒழுங்கு. ஏறக்குறைய ஒரு துறவற மடத்தின் கட்டுப்பாடு எனலாம். கோகலேவுக்குப் பின் அதன் தலைமையை ஏற்றவர் நம் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார். 1911இல் ஜோஷி பம்பாயில் சமூக சேவைக் கழகத்தைத் தொடங்கினார். ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகளில் இரவுப் பள்ளிகள், வாசகசாலைகள், மருந்தகங்கள், கூட்டுறவுக் கடன் சங்கங்கள் என்று அதன் பணிகள் விரிந்தன. மிஷனரிமார் செய்த பணிகளின் பட்டியலையே வாசிப்பது போலிருக்கிறதல்லவா? உண்மையில் அக்காலத்துப் பம்பாயில் இருதரத்தாரும் ஒரே சந்துகளில்தான் நடந்தனர். அமெரிக்க மராத்தி மிஷனைச் சேர்ந்த கிளிஃபர்ட் மான்ஷார்ட் சில ஆண்டுகளுக்குப்பின் நாக்பாடாவில் அமைத்த அண்டையர் இல்லமும் இதே நோக்கத்தது. நாகபுரி எம்பிரஸ் ஆலைத் தொழிலாளரிடையே நலப்பணியை ஒய்.எம்.சி.ஏ. ஏற்று நடத்தியது.

ஆனால் ஜோஷி அங்கேயே நின்றுவிடவில்லை. இரவுப் பள்ளிக்கு வரும் தொழிலாளி பன்னிரண்டு மணி நேர உழைப்புக்குப் பின் விளக்கின் முன் தூங்கி விழுவதை எந்த வாசகசாலையாலும் மாற்ற முடியாது. வேலை நேரத்தைக் குறைப்பது சட்டத்தால் மட்டுமே ஆகக்கூடியது. 1919இல் வாஷிங்டன் நகரில் நடைபெற்ற முதலாவது சர்வதேசத் தொழிலாளர் மாநாட்டிற்கு இந்தியத் தொழிலாளரின் பிரதிநிதியாக அவர் அனுப்பப்பட்டார். வாரத்திற்கு 48 மணி நேர வேலை என்ற ஒப்பந்தத்தை அம்மாநாடு ஏற்றது. இந்தியாவுக்கு மட்டும் 60 மணி நேரம் என விலக்கு அளித்தது. மகப்பேற்றுக்கு முன் 6 வாரமும் பின் 6 வாரமும் ஓய்வளிக்கும் ஒப்பந்தமும் அங்கேயே உருவாயிற்று. இரண்டும் ஜோஷியின் மனத்தில் நிலைத்துவிட்டன என்பதை அவருடைய பிற்காலப் பணி காட்டுகிறது. அடுத்த ஆண்டு, 1920 அக்டோபர் 31ஆம் நாள் பம்பாயில் கூடிய அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரஸின் முதல் மாநாட்டை உருவாக்கியோருள் அவரும் ஒருவர்.

மாண்டேகு–செம்ஸ்போர்டு சீர்திருத்தங்களின்படி 1921இல் புதிய மத்திய சட்டசபை கூடியபோது, தொழிலாளரின் சார்பில் ஜோஷியை அரசு நியமித்தது. தேர்தலில் வென்றவரல்லர், நியமன உறுப்பினர். இது அவருக்கு இறுதிவரை ஒட்டியிருந்த ஒரு குறையாகும். அரசு தந்த இருக்கையில் அமர்ந்து அரசை எதிர்த்துப் பேசுவது எளிதன்று. தொழிலாளருக்கு வாக்குரிமையே இல்லாத நாட்களில் வேறு வழி இருந்ததா என்பதும் எண்ணிப் பார்க்கத்தக்கது. ஏறத்தாழ 25 ஆண்டுகள் அவர் அவ்விருக்கையில் இருந்தார்.

அவருடைய முதல் பெரும்பணிக்கு வித்திட்டது சென்னையே. பெரம்பூரில் பின்னி கம்பெனியாரின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர் 1918 ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினர். பி. பி. வாடியா தலைவர், திரு. வி. கலியாணசுந்தரனார் துணைத் தலைவர்களுள் ஒருவர். பெரம்பூரில் சமயச் சொற்பொழிவுகள் நடத்திவந்த ஒரு சபையில் கூடியவர்களிடையேதான் இச்சங்கத்தின் எண்ணம் முளைத்தது என்பதைச் சமயப் பணியாளராகிய நாம் குறித்துக்கொள்வது நன்று. செல்வபதி செட்டியார், இராமாநுசலு நாயுடு என்னும் இருவர் அச்சபையை நடத்தியோர். அவர்களிடம் தொழிலாளர் முதலில் முறையிட்டது நண்பகல் உணவுக்கு அரைமணி நேரம் போதவில்லை என்பதைப் பற்றியே. 1920ஆம் ஆண்டின் இறுதியில் கதவடைப்பும் துப்பாக்கிச் சூடும் நிகழ்ந்தன. அத்தோடு நிற்காமல், தொழிலாளரை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார் என்று வாடியா மீது கம்பெனியார் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துத் தடையுத்தரவும் பெற்றனர். வாடியா சங்கத்தோடுள்ள தொடர்பை விட்டுவிடுவது என்ற நிபந்தனையின் பேரிலேயே வழக்கு முடிவுக்கு வந்தது.

இவ்வழக்கின் பொருளை உணர வேண்டுமாயின் சட்டத்தின் நிலையை அறிய வேண்டும். இங்கிலாந்தில் 1901இல் டாஃப் வேல் தீர்ப்பு தொழிற்சங்க நிதியையே நட்ட ஈட்டிற்குப் பொறுப்பாக்கியது. அந்த ஆபத்திலிருந்து 1906ஆம் ஆண்டுச் சட்டம் அந்நாட்டுச் சங்கங்களை மீட்டது. இந்தியாவில் அத்தகைய பாதுகாப்பு ஏதுமில்லை. தொழிலாளர் ஒன்றுகூடி வேலையை நிறுத்துவது சதியென்று வழக்காடப்படலாம். அதைச் சொல்லிக்கொடுத்தவர் தம் சொத்தை இழக்கலாம். முன்பணம் பெற்றுக்கொண்டு வேலையை விட்டுச் செல்லும் தொழிலாளியைத் தண்டிக்க 1859ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் அப்போது உயிரோடிருந்தது. 1925இல்தான் அது நீக்கப்பட்டது. முன்பணம் என்ற சொல் நம் மாவட்டத்துக் கல்குவாரிகளிலும் செங்கற்சூளைகளிலும் என்ன பொருள் கொண்டுள்ளது என்பதை அங்கு ஊழியம் செய்கிற உபதேசிமாரைக் கேட்டால் தெரியும்.

1921 மார்ச் மாதத்தில் ஜோஷி சட்டசபையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். தொழிற்சங்கங்களைப் பதிவு செய்யவும் பாதுகாக்கவும் சட்டம் இயற்ற வேண்டும் என்பது அது. சபை அதனை ஏற்றது. அரசோ மாகாணங்களின் கருத்தைக் கேட்பதிலேயே நான்கு ஆண்டுகளைக் கழித்து, 1925இல் மசோதாவைக் கொண்டுவந்தது. இந்தியத் தொழிற்சங்கச் சட்டம் 1926 மார்ச் 25ஆம் நாள் ஒப்புதல் பெற்று, 1927 ஜூன் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. ஏழு பேர் கூடினால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம் என்பதும், பதிவு பெற்ற சங்கத்தின் நியாயமான செயல்கள் சதிக்குற்றமாகா என்பதும் இதன் விளைவுகளாம். பெரம்பூரில் வாடியாவுக்கு நேர்ந்தது போல் இனியொருவருக்கு நேராதபடி ஒரு வேலி கட்டப்பட்டது எனலாம். இதற்கிடையே 1922ஆம் ஆண்டுத் தொழிற்சாலைத் திருத்தச் சட்டம், வாரத்திற்கு 60 மணி நேரம் என்ற எல்லையை விதித்தது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் நட்ட ஈட்டுச் சட்டம், வேலையின்போது கையோ காலோ இழந்தவனுக்கு முதன்முறையாக ஒரு தொகையை உறுதி செய்தது. ஜோஷி இவ்விவாதங்களில் திருத்தத்திற்குமேல் திருத்தமாகக் கொண்டுவந்தார். பெரும்பாலானவை தோற்றன. ஆனால் தோற்ற திருத்தங்கள் பத்தாண்டுகளுக்குப் பின் அரசு மசோதாக்களில் அமைதியாக வந்து அமர்ந்துகொண்டதையும் காண்கிறோம்.

பேறுகால மசோதாவின் கதை இவ்வகையில் தனிக்கவனத்திற்குரியது. 1920களின் தொடக்கத்தில் பம்பாய் ஆலைகளில் பணிபுரிந்த பெண்களைப் பற்றி ஒரு பெண் மருத்துவர் ஆய்வு நடத்தினார். பாலுண்ணும் குழந்தைக்கு அபின் கொடுத்துத் தூங்கவைத்துவிட்டு அன்னையர் ஆலைக்குச் செல்வது பரவலான வழக்கமென்று அதில் வெளிப்பட்டது. பேற்று நாள்வரை உழைத்து, பேறான சில நாட்களிலேயே திரும்பி வராவிட்டால் இடம் பறிபோகும் என்ற அச்சமே இதற்கு வேர். 1924இல் ஜோஷி பேறுகால உதவி மசோதாவைத் தனி உறுப்பினர் என்ற முறையில் மத்திய சட்டசபையில் அறிமுகப்படுத்தினார். வாஷிங்டன் ஒப்பந்தத்தின் வழியையே அது பின்பற்றியது. எதிர்ப்பு இருபுறமிருந்தும் வந்தது. இந்தியப் பெண்கள் பேற்றுக்குத் தம் ஊருக்கே போய்விடுகின்றனர், இத்தகைய சட்டத்திற்குக் காலம் கனியவில்லை, முதலாளிகள் தாமாகவே செய்துவரும் உதவிகள் இதனால் நின்றுபோகும் என்பன போன்ற காரணங்கள் கூறப்பட்டன. இறுதியாகச் சொல்லப்பட்டதைச் சற்று நின்று நோக்க வேண்டும். உரிமை வந்தால் தருமம் நின்றுவிடும் என்பதே அதன் உட்பொருள். நம் கடிதமும் அந்தத் தருமத்தின் வாசலில்தான் நின்றது என்பதை நாணத்தோடு ஒப்புக்கொள்கிறோம். 1925இல் மசோதா தோற்றது.

தோற்றாலும் விதை விழுந்துவிட்டது. மத்திய சபை மறுத்ததை மாகாணச் சபைகள் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டன. 1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் இத்தகைய மசோதாவை டாக்டர் அம்பேத்கர் ஆதரித்துப் பேசினார். 1929இல் அது சட்டமாயிற்று. நம் சென்னை மாகாணத்தின் சட்டம் 1934இல் நிறைவேறியது. அந்நாளில் சேலம் மாவட்டத்தின் பகுதியாயிருந்த நம் வட்டாரமும் அதன் எல்லைக்குள் அடங்கியது. அடங்கியது என்பது ஏட்டளவிலேயே. இங்கு அப்போது ஆலை ஏது?

1929ஆம் ஆண்டு ஜோஷிக்குச் சோதனையான ஆண்டு. பொது வேலைநிறுத்தத்தைத் தடுக்கும் விதிகளைக் கொண்ட தொழில் தகராறு மசோதாவை அவர் எதிர்த்தார். ஏப்ரல் 8ஆம் நாள் அது நிறைவேறியவுடனேதான் பகத்சிங்கும் படுகேஷ்வர் தத்தும் அவையில் குண்டு வீசினர் என்பதை வரலாற்று நூல்கள் கூறும். அந்த மசோதா எதைப் பற்றியது என்பதைப் பல நூல்கள் கூறுவதில்லை. அதே ஆண்டு இறுதியில் நாகபுரியில் தொழிற்சங்கக் காங்கிரஸ் பிளவுபட்டது. பொதுவுடைமையாளர் ஜோஷியை மிதவாதி என்று சாடினர். அரசு அமைத்த தொழிலாளர் ராயல் கமிஷனில் அவர் உறுப்பினராயிருந்ததும் அச்சாடலுக்கு ஒரு காரணம். அவர் தம் தோழர்களோடு வெளியேறி வேறு சம்மேளனம் கண்டார். பத்தாண்டுகளுக்குப்பின் இருசாராரும் மீண்டும் ஒன்றிணைந்தபோது, 1940இல் அவரையே பொதுச் செயலாளராக ஏற்றனர். சாடியவர்களே திரும்ப அழைத்தது அவருடைய நேர்மைக்குக் கிடைத்த சான்று என்பது நம் கருத்து.

அந்த ராயல் கமிஷனின் தலைவர் ஜே. எச். விட்லி, பிரிட்டிஷ் மக்களவையின் முன்னாள் சபாநாயகர். கொங்கிரிகேஷனல் திருச்சபையைச் சேர்ந்தவர். 1827 முதல் சேலத்தில் ஊழியம் செய்த லண்டன் மிஷனரி சங்கத்தை வளர்த்த மரபும் அதுவே. 1931இல் வெளிவந்த கமிஷனின் அறிக்கை, பெற்றோர் வாங்கிய கடனுக்காகச் சிறுவரின் உழைப்பை அடகு வைக்கும் கொடுமையைச் சான்றுகளோடு வெளிப்படுத்தியது. அமிர்தசரஸின் கம்பளக் கூடங்களில் மட்டுமன்றி, நம் மாகாணத்துப் பீடிக் கூடங்களிலும் அது கண்டுபிடிக்கப்பட்டது. இதன் பயனாகவே சிறுவர் உழைப்பை அடகு வைப்பதைச் செல்லாததாக்கும் 1933ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்தது. ஊதியத்தைக் காலந்தாழ்த்தாமலும் மனம்போனபடி பிடித்தம் செய்யாமலும் வழங்க வேண்டும் என்ற 1936ஆம் ஆண்டுச் சட்டமும் இவ்வறிக்கையின் வழிவந்ததே. கூலியாளின் கூலி பொழுது சாயுமுன் கொடுக்கப்பட வேண்டும் என்று உபாகமத்திலிருந்து பிரசங்கிக்கும் நாம், அதற்கு இணையான ஒரு சட்டப் பிரிவு இந்நாட்டில் உண்டு என்பதைச் சபைக்குச் சொல்லியிருக்கிறோமா?

லண்டனில் 1930இல் கூடிய முதல் வட்டமேசை மாநாட்டில் தொழிலாளர் பிரதிநிதியாக ஜோஷி அமர்ந்திருந்தார். இந்தியக் கிறிஸ்தவர் சார்பில் அங்கே அமர்ந்தவர் சேலத்தில் பிறந்த கே. டி. பால். கிராமப் புனரமைப்பு, கூட்டுறவுக் கடன் ஆகியவற்றை ஒய்.எம்.சி.ஏ. வாயிலாக வளர்த்த பெருமகனார் அவர். அவர் 1931இல் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற பணியில் நம் திருச்சபைகள் விடுதிகளையும் மருந்தகங்களையும் தையற்பள்ளிகளையும் பேணிக்கொண்டன; சட்டசபையின் பக்கம் மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. அரசியல் அழுக்கு என்றோ, நம் தொகை சிறிதென்றோ காரணம் சொல்லியிருக்கலாம். ஜோஷியின் கட்சி, சட்டசபையில் அவர் ஒருவரே.

அவருடைய பணியின் எல்லையையும் மறைக்கலாகாது. அச்சட்டங்கள் யாவும் ஆலை, சுரங்கம், இரயில்வே, தோட்டம் என்று பதிவேட்டில் ஏறிய தொழில்களையே தொட்டன. மத்தூர் வட்டாரத்துப் பண்ணையாளுக்கும், கேழ்வரகுக் களத்துப் பெண்ணுக்கும் அவற்றில் பங்கில்லை. விவசாயக் கூலியைச் சட்டம் ஓரளவேனும் தொட்டது 1948ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்திலேதான். கொத்தடிமை முறை 1976ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஒழிந்ததா என்பது வேறு கேள்வி. மேலும், ஜோஷியின் நாளில் மேஸ்திரியும் கங்காணியும் நின்ற இடத்தில் இன்று ஒப்பந்தக்காரர் நிற்கிறார்.

ஜோஷி 1955 மே 30ஆம் நாள் காலமானார். அதற்குமுன் 1948இல் தொழிலாளர் ஈட்டுறுதிச் சட்டம், அதாவது மக்கள் இ.எஸ்.ஐ. என்று வழங்குவது, நிறைவேறியதைக் கண்டார். நாடு முழுமைக்குமான பேறுகால உதவிச் சட்டம் வந்ததோ 1961 டிசம்பர் 12ஆம் நாள். அது அளித்த ஓய்வு 12 வாரம். 1919இல் வாஷிங்டனில் ஒப்பிய அதே அளவு. 1925இல் காலம் கனியவில்லை என்று தள்ளப்பட்டது, கனிய 36 ஆண்டுகள் பிடித்தன. 2017இல் அது 26 வாரமாக உயர்ந்தது. 1926, 1936, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களெல்லாம் இன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுள் அடங்கிவிட்டன. அவை 2025 நவம்பர் 21ஆம் நாள் நடைமுறைக்கு வந்தன. அவற்றுள் மூன்று 2020 செப்டம்பரில், எதிர்க்கட்சியினர் புறக்கணித்த மாநிலங்களவையில் நிறைவேறியவை. ஜோஷி தோற்றபோதேனும் எதிரே ஆள் இருந்து வாதாடித் தோற்றார்.

அந்த இளம்பெண்ணின் செய்தியைச் சொல்லாமல் விட்டோம். மூப்பர் அவளுடைய சம்பளச் சீட்டுகளை வாங்கிப் பார்த்தார், இ.எஸ்.ஐ. பிடித்தம் மாதந்தோறும் நடந்திருந்தது. வேலைநாட்கள் போதுமான அளவு இருந்தன. அவரே உடன்சென்று விண்ணப்பம் கொடுக்கச் செய்தார். நாம் எழுதிய இரண்டாவது கடிதத்தில் மனமிரங்கும்படி கேட்கவில்லை. சட்டத்தின் பெயரும் ஆண்டும் மட்டும் இருந்தன. 26 வாரத்திற்குரிய தொகை இரு தவணைகளில் அவள் கணக்கில் சேர்ந்தது. குழந்தைக்கு நம் கையாலேயே ஞானஸ்நானம் கொடுத்தோம். அவள் வேலைக்குத் திரும்பிச் சென்றபோது அந்த ஒப்பந்தக்காரர் மாறியிருந்தார். புதியவரின் பட்டியலில் அவள் பெயர் இல்லை. மூப்பர் மறுபடியும் ஒரு கோப்பைத் திறந்திருக்கிறார்.